எட்டாவது நிமிடம்

நோய்களின் மூலக்கூறு அடிப்படையைப் படிக்க வருகிறவர்களுக்கு முதல் பருவத்திலேயே ஒரு வியாதி பிடித்துக்கொள்ளும். பாடத்தில் எந்த நோய் வருகிறதோ, அது தனக்கும் தன் வீட்டாருக்கும் இருப்பதாகத் தோன்றும் வியாதி. எங்கள் துறையில் இதை யாரும் மறைப்பதில்லை. ஆய்வுக்கூடத்துக் குளிர் அறையின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் நான்கு கட்டங்கள்: யாருக்கு, என்ன நோய், எத்தனை நாள் நம்பினோம், கடைசியில் என்ன. கடைசிக் கட்டத்தில் 'தூக்கம் போதவில்லை', 'புது ஷூ', 'காதல்' என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். 'நிஜம்' என்று எழுதும் பாக்கியம் அதுவரை ஒருவருக்கும் கிடைத்ததில்லை.

அந்தத் தாளில் என் கையெழுத்தில் மட்டும் ஏழு வரிகள். அப்பாவின் கருவிழியைச் சுற்றிச் செம்பு வளையம் தெரிகிறது, ஈரலில் செம்பு சேர்கிறது என்று நான் வீட்டையே இரண்டு ஆக்கினேன். அது கூடத்து விளக்கு கண்ணில் பட்டுத் தெரிந்த வளையம். அம்மாவுக்கு இரண்டு நோய் கண்டுபிடித்தேன். எனக்கே மூன்று. அதில் ஒன்று ஆண்களுக்கு மட்டும் வருவது என்று பாதிப் புத்தகம் படித்த பிறகுதான் தெரிந்தது. ஏழாவது நோய் அண்ணனுக்கு. அவனுடைய இதயத் தசை தடித்துப்போயிருக்கிறது என்று அடம்பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவன் நெஞ்சு முடியை மழித்து, ஒயர்களை ஒட்டி, படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "குதிரை மாதிரி இருக்கு உங்க இதயம்" என்று அனுப்பிவைத்தார்கள். அன்றைக்கு அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒரு மாசத்துக்கு இந்த வீட்ல யாருக்கும் எந்த வியாதியும் வரக்கூடாது. புரியுதா?"

புரிந்தது. மறுநாள் அந்தத் தாளின் அடியில், 'ஒரு மாதத்துக்கு யாருக்கும் எந்த நோயும் கண்டுபிடிக்க மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எனக்கு ரோஷம் அதிகம். சொன்னால் சொன்னதுதான்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் அவனுக்குப் பெயர் 'பத்து நிமிஷம்'. கடைக்குப் போடா என்றால் பத்து நிமிஷம். துணிமூட்டையை மாடிக்குக் கொண்டுபோடா என்றால் பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு பத்து நிமிஷம். எங்களோடு நடந்துவந்தால் நாலாவது நிமிடத்தில் நின்று, குனிந்து, ஷூ லேஸைக் கட்டுவான். லேஸ் அவிழ்ந்தே இருக்காது. ஆனால் பத்து நிமிடம் கழிந்துவிட்டால் எங்கள் எல்லாரையும் முந்திக்கொண்டு போவான். அதுதான் அவனைக் காட்டிக்கொடுத்தது. நிஜமாகவே முடியாதவன் என்றால் போகப் போக இன்னும் அல்லவா தளர வேண்டும்? இவன் போகப் போகத் தேறுகிறானே! அப்படியானால் முதலில் காட்டியது நடிப்பு. வீட்டில் யாருக்கும் இதில் சந்தேகமே இல்லை. எனக்கும்தான்.

இதில் கொடுமை என்னவென்றால் அப்பா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச். 'நின்னா இன்னொரு ரவுண்டு' என்பது அவருடைய மைதானத்துச் சட்டம். பெற்ற பிள்ளைக்குச் சலுகை காட்டினார் என்று ஊர் பேசக்கூடாது என்பதற்காக அண்ணனுக்கு மட்டும் இரண்டு ரவுண்டு. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஓடவைத்தவருக்குச் சொந்தப் பிள்ளை இப்படி வாய்த்ததே என்று அவருக்கு உள்ளூர ஒரு புகைச்சல் இருந்துகொண்டே இருந்தது.

படியேறப் பிடிக்காத அண்ணன் வளர்ந்து லிஃப்ட் மெக்கானிக் ஆனதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். ஆனால் அவன் ஒன்றை யோசிக்கவில்லை. லிஃப்ட் கெட்டால்தான் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். லிஃப்ட் கெட்டால் மெக்கானிக் படியேறித்தான் போக வேண்டும். மோட்டார் அறை எப்போதும் உச்சி மாடியில்தான் இருக்கும். அவன் பாதி வழியில் உட்கார்ந்திருப்பதை யாரோ படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு சூப்பர்வைசர் ஒரு சுற்றறிக்கை விட்டார். வருகிற சனிக்கிழமை எல்லா மெக்கானிக்குகளுக்கும் ஒரு தேர்வு. கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பன்னிரண்டு மாடி, ஐந்து நிமிடம். ஏற முடியாதவர்களுக்கு வேலை இல்லை.

அண்ணனுக்கு அந்த வேலை உயிர். கெட்டுப்போன ஒரு கட்டுப்பாட்டுப் பலகையின் முன் அவனை உட்காரவைத்தால் சாப்பாடு, தண்ணி எதுவும் நினைப்பு வராது. அதனால் வைராக்கியமாகத் தினமும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு படியேறிப் பழக ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் பரீட்சைக் குறிப்புகளோடு உட்கார்ந்திருந்தபோது கதவருகே வந்து நின்றான்.

"ஏய், நீ படிக்கிறதுல, ஒண்ணுக்கு டீ டிகாக்ஷன் கலர்ல போனா அதுக்கு என்ன பேரு?"

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே. "தண்ணி குடி" என்றேன், தலையைக்கூட நிமிர்த்தாமல். அவன் சரி என்று போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வகுப்பு. எங்கள் பேராசிரியைக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஏன் மேடம்'. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பார். அன்று தசைகளைப் பற்றிய பாடம். தசைக்குள் சர்க்கரை கிளைக்கோஜன் என்ற பெயரில் சங்கிலி சங்கிலியாகச் சேமித்துவைக்கப்பட்டிருக்கிறது. ஓடவோ ஏறவோ தொடங்கிய உடனே ஒரு நொதி அந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக வெட்டிக் கொடுக்கும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி இல்லை. கிடங்கு நிறையச் சரக்கு இருந்தும் சாவி இல்லாத கதை. நான் பாதித் தூக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"இவங்க நடக்க ஆரம்பிச்ச உடனே தசை இறுகி வலிக்கும். பிடிவாதமா ஓடினா தசையே சிதைஞ்சு, அந்தச் சிவப்புச் சத்து சிறுநீர்ல இறங்கி, டீ கலர்ல போகும். அது சிறுநீரகத்தையே அடைச்சிரலாம்" என்றார் மேடம். என் பேனா நின்றது. "ஆனா வேடிக்கை என்ன தெரியுமா? எட்டு, பத்து நிமிஷம் மெதுவா சமாளிச்சுட்டாங்கன்னா, அப்புறம் ஜோரா நடப்பாங்க. ரத்தம் வெளியில இருந்து சர்க்கரையும் கொழுப்பும் கொண்டுவந்து கொடுத்துரும். இதுக்கு இரண்டாம் மூச்சுன்னு பேரு. பாவம், இதனாலேயே இவங்கள்ல பல பேரைச் சோம்பேறி, நடிக்கிறாங்கன்னு வீட்லயே சொல்லிருவாங்க. ஏன்?"

அந்த 'ஏன்' வகுப்புக்குக் கேட்கப்பட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"எங்க அண்ணன்!" என்று கத்தினேன்.

வகுப்பே சிரித்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "எட்டு!" என்றது.

வகுப்பு முடிந்ததும் மேடத்தை விடாமல் பிடித்துக்கொண்டேன். டீ டிகாக்ஷன், படிக்கட்டு, அவிழாத லேஸ், எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். மேடம் முதலில் சிரிப்போடுதான் கேட்டார். லேஸுக்கு வந்தபோது சிரிப்பு போய்விட்டது.

"நீ டாக்டர் இல்ல. அதை ஞாபகம் வச்சுக்கோ. படியேறுறதை இன்னிக்கே நிறுத்தச் சொல்லு. தசை சிதைஞ்சா ரத்தத்துல கசியற வேறொரு நொதி இருக்கு, அது எவ்ளோன்னு பார்க்கச் சொல்லு."

"அவன் வர மாட்டான் மேடம். போன தடவை மழிச்ச முடியே இன்னும் வளரல."

"அப்போ சமதரையில, ஒரே வேகத்துல மெதுவா நடக்கவிட்டு நாடியைப் பாரு. மத்தவங்களுக்கு ஏறி, அப்படியே நிக்கும். இந்த நோய் இருந்தா ஏறிட்டு, எட்டு நிமிஷத்துக்கு மேல தானா இறங்கும். வேற எதுலயும் இப்படிப் பார்க்க முடியாது. வலிச்சா உடனே நிறுத்திரணும்."

அண்ணன் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்துக்கு ஓடினேன். லிஃப்ட் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் வயிற்றுக்குள் பாதி உடம்பை விட்டிருந்தான். நான் சொல்லி முடிக்கும்வரை ஸ்க்ரூ டிரைவர் நிற்கவே இல்லை.

"எட்டாவதா?"

"இது நெஜம் அண்ணா. சத்தியமா நெஜம். இப்போ ஒண்ணுக்கு எப்படிப் போகுது?"

"நேத்தே சரியாப் போச்சு." வெளியே வந்து கையைத் துடைத்தான். "இங்க பாரு டாக்டரம்மா. சனிக்கிழமை நான் ஏறணும். ஏறலைன்னா வேலை போயிரும். வேலை போனா, அப்பா சொன்னது சரின்னு ஆயிரும். எனக்கு வியாதியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் சோம்பேறி இல்லைன்னு ஒரு தடவை காட்டினாப் போதும்."

அவன் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடம் 'பத்து நிமிஷம், பத்து நிமிஷம்' என்று கூப்பிட்டபோது அவன் சிரித்தது எல்லாம் சிரிப்பே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை தலை நிமிராமல் 'தண்ணி குடி' என்றேனே, அந்த வாயை என்ன செய்தால் தகும்? சனிக்கிழமை இவன் பையோடு பன்னிரண்டு மாடி ஓடினால் சிறுநீரகம் என்ன ஆகும்?

இவனிடம் பேசிப் பயனில்லை. நேரே அப்பாவிடம் போனேன். அப்பாவின் பலவீனம் எனக்குத் தெரியும்.

"அப்பா, அண்ணன் நடிக்கலைன்னு நான் சொல்றேன். நடிக்கிறான்னு நீங்க நிரூபிங்க பாப்போம்."

அப்பா விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எப்படி?"

"உங்க ஜிம்ல நடக்கவிட்டு நாடி பாருங்க. ஏறின நாடி, வேகம் குறையாமலே இறங்குமா?"

"இறங்காது. இருவத்தெட்டு வருஷமா நாடி பாக்குறேன். எவனுக்கும் இறங்காது."

"இறங்கினா?"

"இறங்கினா நீ சொல்ற ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். இறங்கலைன்னா நீ இனிமே இந்த வீட்ல வியாதிப் பேச்சே எடுக்கக்கூடாது. ஜென்மத்துக்கும்."

அப்பா கூப்பிட்டால் அண்ணன் வந்துதானே ஆக வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி அறையில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். ரப்பர் பாயும் வியர்வையும் கலந்த வாடை. இரண்டு டிரெட்மில்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் அண்ணன். இன்னொன்றில் ஒப்பிட்டுப் பார்க்க நான். இரண்டுக்கும் ஒரே வேகம். கைப்பிடியில் நாடி காட்டும் கருவி இருந்தது. அப்பா அதைச் சீந்தவில்லை. "மெஷின் பொய் சொல்லும், என் விரல் சொல்லாது" என்று அண்ணனின் கழுத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கிச் சொல்வார். நான் நடந்துகொண்டே குறித்துக்கொள்ள வேண்டும்.

முதல் நிமிடம் தொண்ணூற்றாறு. இரண்டாவது நூற்றுப் பதினாறு. நாலாவது நிமிடம் நூற்று நாற்பது. சும்மா நடக்கிறவனுக்கு நூற்று நாற்பது! அண்ணனின் முகம் வெளுத்து, தொடை இறுகி, கால் இழுபட்டது. பழக்க தோஷத்தில் அவன் கண் லேஸுக்குப் போனது.

"நிக்காதே" என்றார் அப்பா. "நடிப்புக்கு நாடியும் சேர்ந்து நடிக்குதா?" ஆனால் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. நூற்று நாற்பது அவருக்கும் பிடிபடவில்லை.

"வலிக்குதா அண்ணா? ரொம்ப வலிச்சா இறங்கிரு."

"எப்பவும் போலத்தான்" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. எப்பவும் போல! தினமும் இப்படியா இவன் கடைக்குப் போய்வந்தான்?

ஆறாவது நிமிடம் நூற்று நாற்பத்தெட்டு. ஏழாவது நிமிடம் நூற்று ஐம்பத்திரண்டு. கைப்பிடிக் கருவியில் என்னுடையது நூற்றுப் பன்னிரண்டில் போய் உட்கார்ந்து அசையாமல் கிடந்தது. இறங்கு, இறங்கு, இறங்கு என்று மனதுக்குள் கெஞ்சினேன். உலகத்தில் எந்தத் தங்கையாவது அண்ணனுக்கு நோய் இருக்க வேண்டும் என்று இப்படி வேண்டியிருப்பாளா?

எட்டாவது நிமிடம். அப்பா எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"எவ்ளோப்பா?"

"இரு. தப்பா எண்ணிட்டேன்." மூன்றாவது தடவை எண்ணினார். "நூத்தி நாப்பது."

"வேகத்தைக் குறைச்சீங்களா?"

"தொடவே இல்ல!"

ஒன்பதாவது நிமிடம் நூற்று இருபத்தெட்டு. அண்ணனின் முகத்தில் இரத்தம் திரும்பியது. கால்கள் லேசாகி, கைகள் வீச்சோடு அசைந்தன. பத்தாவது நிமிடம் நூற்றுப் பதினாறு. அதே வேகம், அதே பட்டை, அதே ஆள். நான் கத்தினேன், குதித்தேன், டிரெட்மில் என்னைப் பின்னால் தள்ளிவிட்டது. ரப்பர் பாயில் உட்கார்ந்தபடியே தாளை ஆட்டினேன். "இறங்கிருச்சு! இறங்கிருச்சுப்பா!" மூலக்கூறு என்றால் புத்தகத்தில் வரும் படம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்று அது என் அண்ணனின் கழுத்தில், அப்பாவின் விரலுக்கு அடியில் துடித்துக்கொண்டிருந்தது.

அப்பா விரலை எடுக்கவே இல்லை. பதினோராவது நிமிடமும் எண்ணினார். பிறகு தானே இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "சனிக்கிழமை நீ ஏற வேண்டாம்" என்றார்.

"வேலை போயிரும்ப்பா."

"போகட்டும். நான் வந்து பேசுறேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். அப்பா அவனுக்காக யாரிடமாவது பேசுகிறேன் என்று சொன்னது அதுவே முதல் தடவை.

மறுநாள் இரத்தம் கொடுத்தான். தசையிலிருந்து கசியும் அந்த நொதி சாதாரணமாக இருநூறுக்குள் இருக்க வேண்டும். அவனுக்கு நாலாயிரத்துச் சொச்சம். ஆஸ்பத்திரி டாக்டர் உடனே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அப்பா அதை எடுத்துக்கொண்டு, விசிலோடேயே போய் சூப்பர்வைசர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். என்ன பேசினார் என்று இன்றுவரை சொல்லவில்லை. சனிக்கிழமைத் தேர்விலிருந்து அண்ணனுக்கு விலக்கு கிடைத்தது. பழுதான பலகைகளை உட்கார்ந்து சரிசெய்யும் பிரிவுக்கு மாற்றினார்கள். அவன் அதைக் கேட்டுக் குழந்தை மாதிரி சிரித்தான்.

ஐந்து வாரம் கழித்து மரபணுப் பரிசோதனை முடிவு வந்தது. நாங்கள் நாலு பேரும் டாக்டர் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். டாக்டர் நல்ல மனிதர். துக்கச் செய்தி சொல்கிறவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது பிறவியிலேயே வந்தது. முழுசா குணப்படுத்த மருந்து இன்னும் இல்ல. வாழ்நாள் பூரா கவனமா இருக்கணும்…"

"அப்போ நான் சோம்பேறி இல்லையா?" என்றான் அண்ணன்.

"சோம்பேறியா? இல்லவே இல்ல. உங்க இடத்துல வேற யாரா இருந்தாலும் கட்டிலை விட்டே எறங்கியிருக்க மாட்டாங்க."

அண்ணன் எழுந்து என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்தான். "தூக்காதே, தசை!" என்று நான் அலறினேன். அம்மா அழுதுகொண்டே சிரித்து, "எட்டாவது பலிச்சிருச்சு, எட்டாவது பலிச்சிருச்சு" என்று டாக்டரிடம் சொன்னாள். தீராத நோய் என்று கேட்டுக் கொண்டாடும் குடும்பத்தை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். பாவம், தண்ணீர் குடித்தார்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தாளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "இது எங்கிருந்து வந்துச்சு டாக்டர்? எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே."

"எல்லாருக்கும் இந்த மரபணு ரெண்டு பிரதி இருக்கும். அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு. ஒண்ணு மட்டும் கெட்டிருந்தா ஒண்ணும் தெரியாது, நல்லா ஓடலாம். இவருக்கு ரெண்டுமே கெட்டது வந்துருச்சு."

அப்பா தலையாட்டினார். வீட்டு வாசலில் என்னை மட்டும் நிறுத்தினார். "பன்னெண்டு வயசுல ஒரு நாள் மைதானத்துல விழுந்துட்டான். எழுப்பி விட்டு இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடவிட்டேன். ரெண்டு நாள் படுத்துக் கிடந்தான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடத்தான்னு சொன்னேன்." செருப்பைக் கழற்றினார். "பாதி நான் குடுத்ததுதானாம்மா?"

"ஆமாப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல? அவரிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

மறுநாள் குளிர் அறைக் கதவில் எட்டாவது வரியை எழுதினேன். யாருக்கு: அண்ணனுக்கு. எத்தனை நாள் நம்பினோம் என்ற கட்டத்தில், 'இருபத்தாறு வருடமாக நம்பவில்லை' என்று எழுதினேன். கடைசியில் என்ன என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் 'நிஜம்'. 'ஏன் மேடம்' வந்து படித்துவிட்டு, முதல் தடவையாக ஒன்றும் கேட்காமல் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா எங்கள் இருவரையும் மைதானத்துக்குக் கூப்பிட்டார். தினமும் மெதுவாக நடந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்டாப்வாட்சை என்னிடம் கொடுத்துவிட்டு அப்பாவும் அண்ணனோடு நடந்தார். வெள்ளைக் கோட்டை ஒட்டி இரண்டு பேரும் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் பின்னால் போனேன். நாலாவது நிமிடம் அண்ணனின் நடை இழுத்தது. வாயில் பழைய பொய்தான் வந்தது.

"லேஸ் அவுந்துருச்சுப்பா."

அப்பா நின்றார். அண்ணனின் ஷூவைப் பார்த்தார். லேஸ் இரட்டை முடிச்சோடு இறுக்கமாக இருந்தது. அவர் தன் ஷூவையும் பார்த்தார், அதுவும் அப்படித்தான்.

"எனக்கும்தான்டா" என்றார்.

குனிந்து தன் லேஸை அவிழ்த்தார். அண்ணனும் அவர் பக்கத்தில் குனிந்தான். இருவரும் நிதானமாகக் கட்டத் தொடங்கினார்கள்.

"எவ்ளோ ஆச்சு?" என்று தலை நிமிராமலே கேட்டார் அப்பா.

"நாலு நிமிஷம்ப்பா."

"சரி, அவசரமில்ல. இன்னும் நேரம் இருக்கு."